குழந்தைக்குக் காய்ச்சல், தாய்க்குக் கூலி நட்டம்

நோயுற்ற குழந்தையை முன்பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்பது சுகாதாரப் பகுதியார் தாய்மாருக்கு வழக்கமாகக் கூறும் புத்திமதி. நல்ல புத்திமதிதான், அதனை மறுப்பார் எவருமிலர். ஆனால், கற்பிட்டித் தீபகற்பத்திலே, விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிவிட்டுக் கருவாட்டு வாடிக்கோ வெங்காயத் தோட்டத்துக்கோ நாட்கூலிக்குச் செல்லும் ஒரு தாயின் காதிலே அந்தப் புத்திமதி எவ்வாறு ஒலிக்கும் என்பதை அதனைக் கூறுவோர் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? "இன்று வேலைக்குப் போகாதே, இன்றைய கூலியை இழந்துவிடு, இரவு அடுப்பைப் பற்றி யோசியாதே" என்றுதான் அது அவள் காதில் விழுகிறது. இதனைக் கூறுபவர் மாதச் சம்பளம் பெறுபவர். தமது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் விடுமுறைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலிருக்கக் கூடியவர். கேட்பவளுக்கோ கடிதம் எழுதிக் கொடுக்க ஒரு கந்தோரும் இல்லை.

பாலாவிச் சந்தியிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் மணல் நாக்கு இந்தத் தீபகற்பம். நுரைச்சோலையும் ஏத்தாளையும் ஆலங்குடாவும் கண்டக்குழியும் இதில் அடங்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அக்கம்பக்கமாக வாழும் பூமி இது. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களிற் பல்லாயிரவர் வந்தொதுங்கியதும் இந்த மணலிலேதான். மீன்பிடிக் காலத்திலே தெற்குக் கரையோரத்திலிருந்து குடும்பங்குடும்பமாக வந்து வாடியடித்துத் தங்குவோரும் உளர். மீன் தரம்பிரித்தல், கருவாடு காயப்போடுதல், களை பிடுங்குதல், மிளகாய் ஆய்தல் ஆகிய இத்தனை வேலைகளிலும் பெண்களின் கை இருக்கிறது. அந்தக் கைகள் வேலையிலிருக்கும் நேரத்தில் மூன்று வயதும் நான்கு வயதுமான அவர்தம் பிள்ளைகள் முன்பள்ளியில் இருக்கிறார்கள். பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். அதன்பின் பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையேல் பத்து வயது அக்காள். நாள் முழுவதும் குழந்தையை வைத்துப் பார்க்கும் பராமரிப்பு நிலையம் என்பது நகரத்தார் சங்கதி.

இந்த நிலையில் என்ன நடக்கிறது? இரவு காய்ச்சலில் அனத்திய குழந்தைக்கு விடியற்காலையில் ஒரு கரண்டி பனடோல். எட்டு மணிக்கு உடம்பு குளிர்ந்திருக்கும். முகம் கழுவி, பொட்டு வைத்து அல்லது தொப்பி போட்டு, முன்பள்ளி வாசலில் விட்டுவிட்டுத் தாய் ஓடுவாள். பத்தரை மணிக்குக் காய்ச்சல் திரும்பும். அதற்குள் அந்தக் குழந்தை இருபது குழந்தைகளோடு ஒரே பாயில் அமர்ந்து, ஒரே குவளையில் நீர் பருகி, ஒரே பொம்மையை வாயில் வைத்தாயிற்று. இது தாய்க்குத் தெரியாதா? தெரியும். ஆசிரியைக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். ஆனால் நமது நாட்டு முன்பள்ளி ஆசிரியைமாரிற் பெரும்பாலோரின் ஊதியம் பெற்றோர் கொடுக்கும் மாதக் கட்டணத்தில் தங்கியிருக்கிறது. வாசலில் நிற்கும் தாயிடம் "பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோ" என்று சொல்லும் துணிவு, தம் சம்பளத்தை அவளிடமிருந்தே வாங்க வேண்டிய ஆசிரியைக்கு எங்கிருந்து வரும்? இருவர்மீதும் பழிசுமத்துவது எளிது. அந்த எளிய வழியை நாம் விரும்பவில்லை.

நோய் பரவும் விதத்தை முதலில் நேராகப் பார்க்க வேண்டும். எல்லா நோயும் ஒன்றல்ல. மூக்குச் சளியும் சாதாரண இருமலும் கண்ட பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்புவதென்றால் மழைக்காலத்தில் முன்பள்ளியையே மூடிவிட வேண்டியதுதான், பயனும் இராது. ஏனெனில் தடிமன் வெளியே தெரிவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. கை, கால், வாய் நோயோ கொப்புளங்கள் ஆறிய பின்பும் வாரக்கணக்கில் மலத்தோடு கிருமியை வெளியேற்றிக் கொண்டிருக்கும். அங்கே பிள்ளையைத் தடுப்பதைவிடக் கையைக் கழுவுவதே பெரிது. ஆனால் வயிற்றோட்டமும் வாந்தியும் அவ்வாறல்ல. அவை நின்று 48 மணி நேரம் கழியும் வரை பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேரக்கூடாது என்பது பிரித்தானியச் சுகாதாரத் துறையார் கடைப்பிடிக்கும் விதி. கொப்புளிப்பான் கண்டால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை வீட்டில் இருக்க வேண்டும். சின்னமுத்து எல்லாவற்றிலும் கொடியது: தடிப்பு வெளிப்படுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது தொற்றும், பாதுகாப்பில்லாத பத்துப் பேர் அருகிலிருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்கும், நோயாளி வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றிலே தங்கியிருக்கும். எந்த நோய்க்குப் பிள்ளையை நிறுத்த வேண்டும், எதற்கு நிறுத்த வேண்டியதில்லை என்று தெளிவாகத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு தாள் ஒவ்வொரு முன்பள்ளிச் சுவரிலும் தொங்கினால், தாயின் கூலி வீணாகப் போகும் நாட்களிற் பாதியாவது குறையும். அநாவசியமாகத் தடுக்கப்பட்ட தாய், அவசியமான வேளையிலும் சொல் கேட்கமாட்டாள்.

இனிக் கை கழுவும் விஷயம். இது கேலிக்குரிய சிறு விஷயமென்று நமது அரசியல்வாதிகள் நினைப்பார்கள். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியொன்று வெளிவந்தது. பிள்ளைகளும் பராமரிப்பாளரும் ஒழுங்காகக் கை கழுவிய நிலையங்களில், மற்ற நிலையங்களோடு ஒப்பிடுகையில், வயிற்றோட்டம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அது பணக்கார நாட்டுக் கதை என்பார் உண்டு. அவர்களுக்குக் கராச்சி நகரத்துச் சேரிகளைக் காட்டுவோம். அங்கே வீடு வீடாகச் சவர்க்காரம் இலவசமாகக் கொடுத்து, வாரந்தோறும் சென்று கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தார்கள். அதன் பெறுபேறு 2005ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நியூமோனியா 50 சதவீதம் குறைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோரிடையே வயிற்றோட்டம் 53 சதவீதமும் தோற்சிரங்கு 34 சதவீதமும் குறைந்தன. கிருமிநாசினி கலந்த உயர்ந்த சவர்க்காரமும் சாதாரணச் சவர்க்காரமும் ஒரே பலனையே தந்தன என்பது இதிலே குறிப்பிடத்தக்கது. விளம்பரத்தில் வரும் விலையுயர்ந்த கட்டி தேவையில்லை. துணி துவைக்கும் கட்டியே போதும்.

கொவிட் நோய்க்காலத்தில், 2020இலும் 2021இலும், கடைவாசலெங்கும் குழாய் பொருத்திய வாளியும் சவர்க்காரமும் நின்றதை யார் மறந்திருப்பர்? அந்த வாளிகள் இப்போது எங்கே? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரத்தின் விலை ஏறிய வேகத்தையும் நாம் மறக்கவில்லை. முன்பள்ளிச் சிறார்களின் காலையுணவுக்காக அரசாங்கம் கொடுக்கும் தொகை 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. அதனை வரவேற்கிறோம். ஆனால் அந்த உணவை எடுத்து உண்ணும் கையைக் கழுவச் சவர்க்காரம் வாங்குவது யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். சோறு ஒரு கணக்கு, சவர்க்காரம் இன்னொரு கணக்கு என்றால், அழுக்குக் கையால் உண்ட சோறு வயிற்றோட்டமாகத்தான் வெளியேறும்.

சவர்க்காரம் வந்தாலும் நீர் வேண்டுமல்லவா? இங்கேதான் கற்பிட்டி ஏனைய இடங்களிலிருந்து வேறுபடுகிறது. இந்தத் தீபகற்பத்துக்கு ஆறில்லை. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்தப் படலமே இங்குள்ள மக்களின் குடிநீர், குளிநீர், தோட்ட நீர் எல்லாம். மணல் எதையும் வடிகட்டித் தாமதிக்காது. தோட்டத்துக்கு இட்ட உரமும் அதே நீரில் இறங்குகிறது. மலக்குழியின் கசிவும் அதே நீரில் இறங்குகிறது. வேளாண்மை மிகுந்த இடங்களின் கிணறுகளில் நைத்திரேற்று என்னும் உப்பு அனுமதிக்கத்தக்க அளவை மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்தே ஆராய்ச்சியாளர் எழுதி வந்திருக்கிறார்கள். இதிலே தாய்மார் அறியவேண்டிய ஒன்றுண்டு. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தைக்கு அத்தகைய கிணற்றுநீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். தாய்ப்பால் கொடுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணமொன்று இந்த மண்ணுக்கு வேண்டியதில்லை.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கோ உரத்தைவிட மலக்குழியே உடனடி ஆபத்து. காணித்துண்டுகள் சிறியவை. இடம்பெயர்ந்து வந்தோருக்குக் கிடைத்த துண்டுகள் இன்னும் சிறியவை. கிணறும் மலக்குழியும் ஒன்றையொன்று பார்த்துக் கொண்டிருக்கும் வளவுகள் எத்தனை! மழை பெய்து நிலத்தடி நீர் உயரும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டும் சந்தித்துக் கொள்கின்றன. தீபகற்பத்திலுள்ள முன்பள்ளிகளுள் எத்தனைக்குச் சொந்தக் கிணறுண்டு, அதற்கும் மலக்குழிக்கும் எத்தனை அடி தூரம், கடைசியாக எப்போது அந்தக் கிணற்றில் குளோரின் தூள் இடப்பட்டது, பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற கை கழுவும் குழாய் எத்தனை இடங்களில் உண்டு என்ற கணக்கைக் கற்பிட்டிப் பிரதேச சபை வெளியிட வேண்டும். நாட்டுக்கு 900 மெகாவாற்று மின்சாரம் கொடுக்க நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் கட்ட முடிந்தது. வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர் பட்டம் பிடித்து அலைமேல் சறுக்க விடுதிகள் எழும்பின. குழந்தை கை கழுவ ஒரு குழாய் நாட்டுவது இவற்றைவிடக் கடினமான காரியமா?

தடுப்பூசி விஷயத்தில் இந்த நாடு பெருமைப்படத்தக்க சாதனை படைத்தது. 1926ஆம் ஆண்டிலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவொன்றை ஆரம்பித்து, மருத்துவிச்சியை வீட்டு வாசலுக்கே அனுப்பிய நாடு இது. 1993க்குப் பின் இங்கே இளம்பிள்ளை வாதம் இல்லை. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஆனால் 2023இல் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியது. ஊசி தவறிய பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால் நோய்க்கு அதுவே போதும். சின்னமுத்துக்கு எதிரான முதல் ஊசி ஒன்பதாம் மாதத்திலும் இரண்டாவது ஊசி மூன்று வயதிலும் போடப்படுகிறது. மூன்று வயது என்பது முன்பள்ளியில் சேரும் வயதல்லவா? சேர்க்கும்போதே பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பதற்கு என்ன செலவு? குறிப்பாக, பருவத்துக்குப் பருவம் வாடி மாறும் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் ஓர் ஊரின் மருத்துவிச்சி கணக்கிலும் சேராமல், மற்ற ஊரின் கணக்கிலும் சேராமல் இடையிலே விடுபடுகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க முன்பள்ளியைவிடச் சிறந்த இடம் ஏது? ஊசி இல்லையென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பவேண்டாம். மருத்துவிச்சிக்கு ஒரு சொல் அனுப்பினால் போதும்.

அந்தச் "சொல் அனுப்பும்" வழிதான் இன்று அறுந்து கிடக்கிறது. தொற்றுநோய்த் தடுப்புக்கென இந்த நாட்டில் 1897ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் உண்டு. அறிவிக்கப்பட வேண்டிய நோயைக் கண்ட டாக்டர், சந்தேகமாயிருந்தாலுங்கூட, சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் டாக்டரிடம் செல்லாத பிள்ளை? ஜீவனியும் கொத்தமல்லிக் கஷாயமும் கொடுத்து வீட்டிலேயே ஆற்றிய வயிற்றோட்டம்? ஒரே கிழமையில் ஆறு பிள்ளைகள் வராமற்போனதை முதலில் அறிபவர் டாக்டருமல்லர், பரிசோதகருமல்லர். வரவு இடாப்பைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியையே. கொழும்பிலிருந்து தொற்றுநோயியல் பிரிவார் வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில் புத்தளத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் இந்த ஆறு பிள்ளைகள் என்றைக்கும் வந்து சேர்வதில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் ஒரே நோய்க்குறி கண்டால் ஆசிரியை பரிசோதகருக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும், பரிசோதகர் மறுநாளே வந்து கிணற்றைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு செய்தால் என்ன குறைந்துவிடும்? அறிவித்த ஆசிரியையின் பள்ளியைப் பூட்டி அவரைத் தண்டிக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். பூட்டுக்குப் பயந்தால் எவரும் வாய் திறக்கமாட்டார்.

இத்தனையும் செய்தாலும் முதலிற் கூறிய தாயின் பிரச்சினை அப்படியே நிற்கிறது. வயிற்றோட்டம் கண்ட பிள்ளை இரண்டு நாளும் கொப்புளிப்பான் கண்ட பிள்ளை ஒரு கிழமையும் வீட்டில் இருந்தே தீரவேண்டும். அந்த நாட்களின் கூலி யாருடைய நட்டம்? இன்றைய ஏற்பாட்டில் அது முழுவதும் தாயின் நட்டம். பத்து வயது அக்காள் பள்ளிக்கூடம் நின்றால் அது அந்தச் சிறுமியின் நட்டம். பிள்ளை வீட்டிலிருப்பதால் நன்மை அடைபவரோ மற்ற இருபது பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும். இருபது வீட்டின் நன்மைக்கு ஒரு வீடு மாத்திரம் பட்டினி கிடக்கவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

மலைநாட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை தேவைப்பட்டதால், அவள் பிள்ளையை வைத்துப் பார்க்கத் துரைமார் பிள்ளைக் காம்பரா கட்டினார்கள். அன்பினாலன்று, ஆதாயத்துக்காகவே. அங்கே பிள்ளைகள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். ஆயினும், தாயின் உழைப்பை வாங்குபவன் பிள்ளையின் பொறுப்பிலும் பங்கேற்க வேண்டும் என்ற கொள்கை அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. தோட்டங்கள் கம்பெனிகளின் நிருவாகத்துக்கு மாறிய பின், 1992இல் அமைக்கப்பட்ட நிதியமொன்று அந்தக் காம்பராக்களைச் சிறுவர் நிலையங்களாக மாற்றும் வேலையில் ஈடுபட்டது. கடைகளிலும் கந்தோர்களிலும் வேலைசெய்வோருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 7 நாள் சொந்தத் தேவைக்கும் சுகயீனத்துக்கும் விடுமுறை கொடுத்தது. கருவாட்டு வாடியிலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாட்கூலிக்கு நிற்பவளுக்கு எந்தச் சட்டம் எதைக் கொடுத்தது? சுவீடன் நாட்டிலே 1974ஆம் ஆண்டு முதலே, பிள்ளைக்குச் சுகமில்லையென்று வேலைக்குப் போகாத தாய்க்கோ தந்தைக்கோ அரசாங்கக் காப்புறுதி நிதியிலிருந்து ஊதியத்தின் பெரும்பகுதி கிடைத்து வருகிறது. கற்பிட்டியை நாளைக்கே சுவீடனாக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. மழைக்காலம் நான்கு மாதத்துக்காவது, பரிசோதகரின் அல்லது மருத்துவிச்சியின் துண்டுச் சீட்டைக் காட்டும் தாய்க்கு அரைநாட் கூலியாவது கிடைக்கும்படி ஒரு சிறு நிதி ஏற்படுத்த முடியாதா? மீன் மொத்த வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் அதில் ஒரு பங்கு போடட்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே கிணறு, அதே காற்று. பணம் கொடுக்க மனமில்லையென்றால், நோயுற்ற பிள்ளைகளை ஒதுக்கமாக வைத்துப் பார்க்க ஊர்ப் பெண்மணியொருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம்.

யார் செய்வது என்றதும் ஒருவர் மற்றவரைக் காட்டுவது நமக்குப் பழகிப்போன காட்சி. முன்பள்ளி மாகாண சபையின் விஷயம் என்பர். வடமேல் மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக மக்கள் தேர்ந்தெடுத்த சபை இல்லாமல் ஆளுநரும் அதிகாரிகளுமே நிருவாகம் நடத்தினர். சிறுவர் விவகாரம் கொழும்பு அமைச்சினுடையது என்பர். கிணறு பரிசோதகருடையது, கூலி தொழிற்றிணைக்களத்தினுடையது என்பர். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் மக்கள் நலனையும் பிரதேச சபையின் கையில் ஒப்படைத்திருக்கிறது. 2025 மே மாதத் தேர்தலில் இந்த மக்களின் வாக்கைக் கேட்டு வாசல் வாசலாக வந்த உறுப்பினர்கள் அந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார்கள். மூன்று இனத்தவரும் அங்கே உளர். கட்சி வேற்றுமை பேசுவதற்கு வேறு விஷயங்கள் ஏராளம்.

சவர்க்காரத்துக்கும் வாளிக்கும் குளோரின் தூளுக்கும் ஓர் ஒதுக்கீடு. முன்பள்ளிக் கிணறுகளின் பரிசோதனை முடிவை முன்பள்ளி வாசலிலேயே ஒட்டிவைத்தல். ஆசிரியைக்கும் பரிசோதகருக்கும் இடையே ஒரு தொலைபேசி எண். தாய்மாரின் கூலி நட்டத்துக்கு ஒரு நிதி. இவற்றை அடுத்த பருவமழை தொடங்குமுன் பிரேரணையாகக் கொண்டுவரப் போகும் உறுப்பினர் யார், அதனை ஆமோதிக்கப் போகிறவர் யார் என்பதை அறியக் கற்பிட்டித் தாய்மாரோடு சேர்ந்து நாமும் காத்திருக்கிறோம். பிரேரணை வந்த நாளையும் வாக்களித்தோர் பெயரையும் இப்பத்திரிகையிலே வெளியிடுவோம்; வராவிட்டால் அதனையும் வெளியிடுவோம்.